தள்ளிப்போடும் மாத்திரை

ஆவணி 12, காலை 6.10

தாதுக் கப்பல் 'பொருநை'. பூமிக்குத் திரும்பும் வழி.

கப்பலில் இருப்போர்: செண்பகவல்லி, சமையலும் சரக்கிருப்பும், இதை எழுதுகிறவள். ஆவுடையப்பன், எந்திரம், என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, பதிவுக்காக ஒரு தடவை எழுதுகிறேன். உலகம்மை, கப்பலைச் செலுத்துகிறவள், இவருடைய தங்கை. ஆக மூன்று பேர். வேறு உயிர் என்றால் தட்டுகளில் வளரும் கீரைதான். சுவரில் காந்திமதி அம்மன் படம் இருக்கிறது. அவளையும் எண்ணிக்கையில் சேர்க்கவா என்று உலகுவிடம் கேட்டேன். அவளுக்கு டூட்டி போடவில்லை, சேர்க்க வேண்டாம் என்றாள்.

பதிவு எழுதுவது உலகுவின் வேலை. நேற்று தும்மியபோது விலாவில் சுருக்கென்றதாம், கையைத் தூக்க முடியவில்லை. சரியாகும்வரை நான் எழுதுகிறேன்.

காற்று சரி. தண்ணீர் சரி. எடை கொடுக்கும் சுழல்வளையம் பங்குனியில் அச்சு இறுகி நின்றது, நின்றபடியே இருக்கிறது. அன்றிலிருந்து மூவரும் மிதக்கிறோம். ஸ்பிரிங் பட்டையை இழுக்கும் பயிற்சியை நானும் இவரும் செய்தோம். உலகு செய்யவில்லை. கால்சியம் மாவு போதிய இருப்பு. வெயில் விளக்கின்கீழ் ஆளுக்குக் கால் மணி நேரம். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை செய்தேன். ஆவி மேலே போகத் தெரியாமல் கொழுக்கட்டையையே சுற்றிக்கொண்டு நின்றது.

ஆவணி 15, மாலை 6.40

எலும்பு பார்க்கும் கருவியில் உலகுவைக் கட்டி வைத்துப் படம் எடுத்தோம். விலாவில் கீறல். அது ஆறிவிடும். இடுப்பும் முதுகும்தான் பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் நீர்த்த மோர் மாதிரி இருக்கிறது. அவளைவிட எட்டு வயது மூத்த என் படம் எவ்வளவோ தேவலை. தரை நிலையத்துக்கு அனுப்பினேன். பதில் மாலையில் வந்தது.

*தரை, டாக்டர் எபனேசர்:* "படம் பார்த்தேன்மா. நாப்பத்தேழு வயசுக்கு இப்படி இருக்கவே கூடாது. எடையில்லாம இருக்கறதால மட்டும் இவ்வளவு போகாது. ஹார்மோன் மாத்திரை தினமும் எடுத்தாங்களா? கேட்டுச் சொல்லுங்க."

ஆவணி 16, காலை 8.00

கேட்டேன். சிரித்தாள். விலா வலிக்கவே பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் நாலு வருசம் முந்தியே நின்னுபோச்சே மதினி. இன்னும் என்னத்தத் தள்ளிப்போட?"

வேறு ஊர்க்காரர் இதைப் படித்தால் விளங்க வேண்டும், அதனால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவோ கல்யாணமோ வரும்போது மாதவிலக்கு நாள் குறுக்கே வந்துவிடக்கூடாது என்று பெண்கள் மருந்துக்கடையில் வாங்கிப் போடுவது தள்ளிப்போடும் மாத்திரை. ஹார்மோன் மாத்திரை என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான். கப்பலில் தண்ணீர்ச் சிக்கனம், அதற்காகத்தான் கம்பெனி கொடுத்திருக்கிறது என்று உலகு நினைத்துவிட்டாள். பொட்டலத்தின்மேலும் 'பெண்களுக்கு' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. இடத்தை அடைக்கிறதே என்று புறப்பட்ட முதல் மாதமே குப்பை மூட்டையோடு வெளியே தள்ளிவிட்டாள். நான் மட்டும் என்ன, தாளில் போட்டிருந்தது, விழுங்கினேன். எதற்கென்று எனக்கும் தெரியாது.

இவர் எந்திர அறையிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ஏட்டி, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

"ஒங்கிட்டயாண்ணே? நல்லா கேட்டே போ."

இவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்.

ஆவணி 16, மாலை 4.30

கப்பலின் மருத்துவப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தேன். விளங்கியதை எழுதுகிறேன். எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. உள்ளே ஒரு கூட்டம் இடித்துக்கொண்டே இருக்கிறது, இன்னொரு கூட்டம் பூசிக்கொண்டே இருக்கிறது. இடிக்கிற கூட்டத்தின் கையைப் பிடித்து வைப்பது பெண்களின் ஹார்மோன். விலக்கு நின்றதும் அது வற்றிப்போகிறது, கையைப் பிடிக்க ஆளில்லை. உடம்புக்கு எடை இல்லாததால் இங்கே பூசுகிற கூட்டமும் வேலைக்கு வருவதில்லை.

ஆக, நின்றுபோனவளுக்குத்தான் அந்த மாத்திரை எல்லோரையும்விட அதிகம் வேண்டியிருந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் புத்தகத்தை அப்படியே அவள் பக்கம் திருப்பினேன். படித்தாள். "சரி" என்றாள்.

என்னுடையதைப் பங்கு போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

*தரை, டாக்டர் எபனேசர்:* "வேண்டாம்மா. ரெண்டு பேருக்கும் போதாது. அவங்களுக்குப் போனது திரும்பி வராது, உங்களுக்கு இருக்கறதும் போகும்."

அவர் சொல்வது சரிதான். இருந்தாலும் என் எதிரே அவள் வெறும் வாயோடு இருக்க நான் மட்டும் விழுங்க முடியாது. இன்று முதல் என் மாத்திரை உலகுவுக்கு.

ஆவணி 25, பகல் 1.15

வெயில் விளக்கு அணைந்துவிட்டது. இவர் கழற்றிப் பார்த்தார். உள்ளே குழல் கறுத்திருக்கிறது, மாற்று இல்லை.

அந்த விளக்கு பட்டால்தான் தோலில் வைட்டமின் டி ஊறும். அது இருந்தால்தான் சாப்பிட்ட கால்சியத்தைக் குடல் உள்ளே விடும். இல்லாவிட்டால் மாவு எத்தனை மூட்டை இருந்தும் வந்த வழியே போய்விடும். சொட்டு மருந்துக் குப்பி ஒன்றுதான் பாக்கி. அதை உலகுவுக்கு ஒதுக்கினேன்.

சன்னலில் வெயில் கண்ணைக் குத்துகிறது. ஊரில் சித்திரையில்கூட இப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. ஆனால் நமக்கு வேண்டிய கதிரைத்தான் அந்தக் கண்ணாடி நிறுத்திவிடுகிறது. அதை நிறுத்தாவிட்டால் அதோடு வேறு பொல்லாத கதிரும் வருமாம். உலகு கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். சூடு தெரிகிறது மதினி என்றாள்.

புரட்டாசி 3, காலை 9.20

பயத்தில் உலகு எனக்குத் தெரியாமல் கால்சியம் மாவை வாரி வாரிச் சாப்பிட்டிருக்கிறாள். இன்று விலாவுக்குக் கீழே வலி, வாந்தி. சிறுநீரில் ரத்தம்.

*தரை, டாக்டர் எபனேசர்:* "மாவை உடனே நிறுத்துங்க. எலும்பு கரைஞ்சு வர்ற கால்சியமே சிறுநீரகத்தை அடைக்குது. அதோட இதுவும் சேர்ந்தா கல்தான் கட்டும். தண்ணி நிறையக் குடுங்க."

கால்சியம் எங்கே வேண்டுமோ அங்கே இல்லை, வேண்டாத இடத்தில் கல்லாகக் கட்டுகிறது. என்ன சாப்பாடு போட்டால் இவள் தேறுவாள் என்று யோசிப்பதுதான் என் வேலை. இன்று அடுப்படியில் எனக்கு வேலை இல்லை.

விளக்கேற்ற இங்கே நெருப்பு கூடாது. பட்டன் விளக்கைப் போட்டுக் கும்பிட்டேன். அவள் எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். நடக்க இங்கே தரை கிடையாது என்பது கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

புரட்டாசி 11, காலை 10.05

உலகுவின் வலது தொடை எலும்பு முறிந்தது.

விழவில்லை, மோதவில்லை. செலுத்தும் இருக்கைக்குப் போகச் சுவரைக் காலால் உந்தினாள், எப்போதும் உந்துகிற மாதிரி. சுள்ளி ஒடிகிற சத்தம். கத்தவில்லை. "அண்ணே, திசை ரெண்டு புள்ளி விலகியிருக்கு, மொதல்ல அதச் சரி பண்ணு" என்றாள். இவர் அதைச் சரிசெய்துவிட்டு வந்துதான் காலைக் கட்டினார்.

இனி அவள் கட்டிலில் கட்டப்பட்டபடியே சொல்லச் சொல்ல இவர் ஓட்டுகிறார். சின்ன வயதில் சைக்கிள் பழக்கிவிட்டதற்குப் பழிவாங்குகிறாளாம். "நேரா பாருண்ணே, என்னையப் பாக்காத" என்று அதட்டிக்கொண்டே இருக்கிறாள். இருவரும் சிரித்தார்கள். நான் கீரைத் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புரட்டாசி 19, பகல் 12.00

இன்று வந்ததைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

*தரை, டாக்டர் எபனேசர்:* "மறைக்காமச் சொல்லணும்மா. நீங்க இறங்குற கூண்டு காத்துக்குள்ள நுழையறப்ப உடம்பு ஏழு மடங்கு கனக்கும். உங்க ரெண்டு பேருக்கும் கஷ்டம், ஆனா தாங்கலாம். அவங்க முதுகெலும்பு தாங்காது. தரைக்கு வர்றப்ப உயிர் இருக்காது."

உலகு விழித்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

ஒரு வழி இருக்கிறது. சுற்றுப்பாதையில் வேறொரு கம்பெனியிடம் மெல்ல இறங்கும் ஓடம் ஒன்று இருக்கிறதாம், நோயாளிகளுக்கென்றே செய்தது. நாங்கள் பூமியைக் கடக்கும்போது அது எதிரே வந்து அவளை ஏற்றிக்கொள்ளலாம். அனுமதி வேண்டும். கேட்டிருக்கிறோம்.

கடக்கும் நாள் புரட்டாசி 30. அன்று இறங்காவிட்டால் கப்பல் சூரியனைச் சுற்றப் போய்விடும், திரும்ப மூன்று வருடம் ஆகும். சாப்பாடு மூன்று பேருக்குத் தையைத் தாண்டாது. இரண்டு பேருக்கு என்றாலும், ஒருத்திக்கே என்றாலும் மூன்று வருடம் வராது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் வரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க மதினி," என்றாள். "என்னய இங்கன விட்ருங்க. எலும்புத்தூள் நல்ல ஒரம், கீரையாவது தளதளன்னு வரும்."

வாயை மூடு என்றேன். அவளை நான் அப்படிச் சொன்னதே கிடையாது.

புரட்டாசி 20, காலை 7.30

*தரை நிலையம்:* "தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது."

புரட்டாசி 23, காலை 7.30

*தரை நிலையம்:* "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

டாக்டரைக் கேட்டேன். தன் கையில் இல்லை என்கிறார். இரண்டு கம்பெனிக்கும் இடையில் பேச்சு நடக்கிறதாம். நல்ல மனிதர்.

புரட்டாசி 26, மாலை 5.45

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். இடது கையால் எழுதுகிறேன். சொட்டு மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினேன், வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. மூடி திறக்கவில்லை, கைதான் திறந்தது. மாத்திரையை நிறுத்தியதால் மட்டும் இத்தனை சீக்கிரம் இப்படி ஆகாது, வெயில் விளக்கும் இல்லை, எடையும் இல்லை, எல்லாம் சேர்ந்துதான் என்றார் டாக்டர். ஏழு மடங்கை நான் தாங்குவேனா என்று கேட்டேன். படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். எடுக்கவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

உலகு இருமினாள். முதுகில் ஒன்று நொறுங்கியது. இப்போது கால் மரத்திருக்கிறது, வலி இல்லை என்கிறாள். வலி இல்லை என்று அவள் சொன்னதும் இவர் எழுந்து எந்திர அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நவராத்திரி தொடங்கிவிட்டது. கடலை ஊறப்போட்டேன். சுண்டலை மெல்ல அவளுக்குப் பயமாக இருக்கிறது, தாடை என்ன ஆகுமோ என்று. அரைத்துக் கொடுத்தேன்.

புரட்டாசி 28, காலை 7.30

*தரை நிலையம்:* "பரிசீலனையில் உள்ளது."

பூமி சன்னலில் தெரிகிறது. எலுமிச்சம்பழம் அளவு. உலகுவின் கட்டிலைத் திருப்பி வைத்தோம், பார்க்கட்டும் என்று. எந்தப் பக்கம் நம்ம ஊரு என்று கேட்டாள். மேகமாக இருந்தது. இவர் ஏதோ ஓர் இடத்தைக் கைகாட்டினார்.

புரட்டாசி 29, காலை 6.10

கப்பலில் இருப்போர் மூவரும் உயிரோடு.

கூண்டு தயார். இவர் அதற்குள் போய் உட்கார மறுக்கிறார். உலகு சத்தியம் வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. என்னைப் போகச் சொல்கிறார்கள் இருவரும். இருவர் தோளையும் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு கைதான் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு எங்கே போக.

ஓடம் வருமென்றால் அவளை அந்தப் பக்கக் கதவுக்கு இப்போதே நகர்த்தத் தொடங்க வேண்டும். விரல் விரலாகத்தான் நகர்த்த முடியும், முழுப்பகல் ஆகும். வராதென்றால் அவளை அசைக்கவே மாட்டேன். வீணாக ஓர் எலும்பை நான் ஏன் முறிக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்.

அம்மனிடம் இனிக் குணமாக்கு என்று கேட்பதில்லை. உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று சொல் என்றுதான் கேட்கிறேன். உங்களிடமும் அதுதான்.

உலகு தூங்குகிறாள். மூச்சு விடும்போது

மூச்சு விடும்போதும் உள்ளே மெல்ல ஒரு சத்தம் கேட்கிறது.

தரை நிலையத்துக்கு: பரிசீலனை என்று இனி அனுப்ப வேண்டாம். ஓடம் வருமா, வராதா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.