நயினாரின் செல்கள்

மார்ச் 3, காலை 07:10
வியாழனின் நிலவான கலிஸ்டோ, ஆய்வு நிலையம். பதிவு: கோமதி, உயிரியலாளர். கதிர்வீச்சு வழக்கமான அளவில். பனியில் துளையிடும் களத்திலிருந்து என் தம்பி நயினார், வானொலியில்: "யக்கா, துளை நல்லா எறங்குது. நாக்குல புண்ணுதான் ஆறவே மாட்டேங்கு." துளைப்பானில் கீறல் விழுந்தால் உயிரை விடுவான், தன் வாயில் புண் என்றால் மாதம் கழித்துச் சொல்வான். கழுதை. வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, பகல் 11:40
திசுச் சோதனை முடிந்தது. நாக்கில் புற்றுநோய். வெற்றிலை பாக்குகூடப் போடாதவன். கழுத்துக்கும் பரவியிருக்கிறது. மீட்புக் கப்பல் வர இரண்டு ஆண்டுகள் ஆகும். கதிர்ச் சிகிச்சைக் கருவி இங்கேயே இருக்கிறது. இன்றே தொடங்குகிறேன்.

ஏப்ரல் 24, மாலை 04:05
சிகிச்சை முடிந்தது. கட்டி சுருங்கவில்லை, வளர்ந்திருக்கிறது. கருவியில் பிழையில்லை. கட்டியின் மரபணுக்களைப் படித்தேன். உடைந்த டி.என்.ஏவைச் செப்பனிடும் மரபணுக்கள் அதில் பேய்த்தனமாக வேலை செய்கின்றன. நான் இன்று கதிரால் உடைப்பதை அது நாளைக்குள் தைத்துவிடுகிறது.

இதைக் கண்டெடுப்பவரே, குறித்துக்கொள்ளுங்கள். எங்களைத் தேர்ந்தெடுத்ததே அந்த மரபணுக்களுக்காகத்தான். விண்வெளிக் கதிரைத் தாங்கும் உடம்பு வேண்டும் என்றார்கள். ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் இருவரும் தேறினோம். எங்கள் ஊர் சங்கரன்கோவிலே வெடி போட்டது. நோய் வந்தால் அவை யார் பக்கம் நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

ஏப்ரல் 25, காலை 09:30
பூமியிலிருந்து: "செப்பனிடும் மரபணுக்கள் இவ்வளவு மிகுந்த கட்டி என்றால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. வருந்துகிறோம்." எனக்குத் தெரியாததா? மருந்தைச் சொல்லுங்கள் என்று கத்தினேன். கத்தியது அங்கே போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். கட்டியின் துணுக்கு ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறேன். கையிலுள்ள மருந்துகளையெல்லாம் அதில் சோதிப்பேன்.

மே 29, பகல் 02:15
எந்த மருந்தும் அதைத் தொடவில்லை. அவனுக்குக் கதிரையே மறுபடி கொடுத்தேன். வேறென்ன செய்ய? சிகிச்சை அறையிலிருந்து ஒலிபெருக்கியில் நயினார், குழறலாக: "யக்கா... போதும். இனிமே சுடாத. கூட வந்து உக்காரு." கருவியை அணைத்துவிட்டு ஓடினேன். இனி நான் அக்கா மட்டும்தான்.

ஜூன் 11
தம்பி போய்விட்டான். கை என் கையில் இருந்தது. பனியில் வைத்து மூடினேன். அம்மாவுக்கு என்ன சொல்வேன்? இன்னும் செய்தி அனுப்பவில்லை.

ஜூன் 14
பூமியிலிருந்து: "தட்டிலுள்ள செல்கள் அரியவை. அழிக்க வேண்டாம்."
அழிக்கத்தான் எடுத்தேன். எரிகலனைத் திறந்தும் வைத்தேன். கடைசியாக ஒரு முறை நுண்ணோக்கியில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தெம்பாகப் பிரிந்துகொண்டிருந்தன. அவனைக் கொன்றவை. அவன் உடம்பில் இன்னும் உயிரோடிருப்பவை இவை மட்டும்தான்.
எரிகலனை மூடிவிட்டேன்.

ஜூன் 15
அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
தட்டில் சத்துநீர் மாற்றினேன். நயினார் நன்றாக இருக்கிறான்.