கொட்டகைக்குள்ள விசிலடிச்சது

அன்பு மேவிஸுக்கு, உன் ஹொரேஸ், பிராட்ஃபோர்டு ஊருல இருந்து எழுதுறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். நான் வாடகைக்குத் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா தினமும் கல்லீரலத்தான் வறுக்கிறா, அது தனிக்கதை.

நேத்து எங்க நாடகக் கம்பெனி கதாநாயகனுக்குக் கடுங்காய்ச்சல். முப்பது வருசமா பட்லர், நீதிபதி, பொணம்னு வேஷம் போட்ட என்னைக் கூப்பிட்டு, "சாயங்காலம் நீதான்யா நாயகன்"னுட்டாங்க. சந்தோசத்துல என்னையறியாம விசிலடிச்சுட்டேன். கொட்டகைக்குள்ள விசிலடிச்சா நாடகம் விளங்காதுன்னு உனக்குத் தெரியாததா? வெளிய போயி சுத்திட்டுக் கதவைத் தட்டித்தான் உள்ள வரணும்னு, பரிகாரத்துக்குத் தெருவுல தள்ளிட்டாங்க. மழையில மூணு சுத்து சுத்திட்டுக் கதவைத் தட்டுனேன்.

புது வாசக்காவக்காரன் எட்டிப் பாத்து, "யாருய்யா நீ?"ன்னான்.

"நாயகன்யா!"

"மூஞ்சியப் பாரு! கெளம்பு பெருசு."

பாவம், அவன் இதுவரைக்கும் என்னை நீதிபதி வேஷத்து ஒட்டுத்தாடியோடதான் பாத்திருக்கான். திரை தூக்கக் கால் மணி நேரந்தான் இருந்துச்சு. நீதிபதி குரலெடுத்து, "குற்றவாளியை உள்ளே கொண்டு வா!"ன்னு அதட்டுனேன்.

"அடடே, ஐயா நீங்களா!"ன்னு திறந்துட்டான்.

நாடகம் நல்லாவே போச்சு. கை தட்டுறப்ப மூணாவது வரிசையப் பாத்தேன். நீ நாடகம் பாக்க வந்தா எப்பவும் உக்காருற எடத்துல யாரோ ஒருத்தி மிட்டாய் தின்னுக்கிட்டிருந்தா.

கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி வேணும். தபால்ல போடாத, சனிக்கிழமை ரயிலேறி நீயே கொண்டா. திங்கக்கிழமை எங்க நாயகன் காய்ச்சல் விட்டு எந்திரிச்சுருவாராம், அப்புறம் நான் பழையபடி பட்லர்தான். நாடகத்துக்கு மணியடிச்சுட்டாங்க, ஓடுறேன்.

ஹொரேஸ்