புதிய கெமராவில் தெரிந்த தோணி

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

நான் அனுப்பிய புதிய கெமராவைத் தங்கச்சி பஸீஹா நம் வாசலில் கரையைப் பார்த்தபடி வைத்திருக்கும் சின்னக் கம்பியூட்டரில் நன்றாகப் பொருத்தியிருக்கிறாள். டோஹாவிலிருந்தே கண்டக்குழிக் கரை துலக்கமாகத் தெரிகிறது. பழையதில் கரையில் ஏதோ நிழல்தான் தெரியும். இப்போது அது நம் தோணி என்பதும், அதன்மேல் அடம்பன் கொடி படர்ந்து பூத்திருப்பதும் தெரிகிறது.

“வாப்பா நேத்தும் கடலுக்குப் போனார் மகன்” என்று போனில் சொன்னீர்களே, உம்மா.

போனில் கேட்டால் வாப்பா பக்கத்தில் இருப்பார். அதனால்தான் ஊருக்கு வரும் ரிஷாத்திடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வாப்பா பிடித்த மீன் என்று இனிக் கடைக் கருவாடு அனுப்ப வேண்டாம். கெமராவையும் சுவர்ப்பக்கம் திருப்பிவிடாதீர்கள். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல், வாப்பாவை அதன் முன்னால் கதிரை போட்டு இருத்துங்கள். நான் அவரை ஒருதரம் பார்க்க வேண்டும்.

ரிஷாத்தை எயார்போர்ட்டுக்குக் கொண்டுபோகும் வான் வந்துவிட்டது.

மகன் றிப்னாஸ்