பெட்டியைப் பார்த்த மூன்று வீடுகள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். கற்பிட்டிப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது, மழை இல்லை. இன்றைய வேலை: உலர்த்தும் பெட்டி பற்றிய விளக்கத்தை எழுதி முடிப்பது. காப்புரிமை விண்ணப்பத்துக்காக வியாழன் கொழும்பிலிருந்து சட்டத்தரணி வருகிறார்.

எழுதியது: உப்பளத்தில் உப்பு அள்ளிய பின் மிஞ்சும் கசப்பு நீர். அதில் ஊறிய சிரட்டைக் கரி. கரி காற்றின் ஈரத்தை இழுக்கும், மழை நாளிலும் நெத்தலி காயும். வெயில் வந்ததும் கரியைக் காயவைத்தால் மறுபடி உதவும்.

தொழில் தெரிந்த எவரும் வாசித்துச் செய்யக்கூடிய மாதிரி எழுத வேண்டுமாம். வேடிக்கையான பேரம். எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லிவிடு, இருபது வருடம் வேறு யாரும் செய்யாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது அரசு.

ஆராய்ச்சி அறை என்பது கருவாட்டுக் கம்பனியின் பழைய ஐஸ் அறை. ஒரு ஜன்னல். நான் மட்டும். இன்று வாசல் வோட்ச்சருக்கு ஸலாம் சொன்னதைத் தவிர யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

முதலாளி ஹாஜியார் அறைக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்க பழுதாக்கின மீனுக்கு ஒரு லொறி எடுத்திரிக்கலாம், புள்ள."

பகிடிதான். பிறகு பகிடி இல்லாமல்: "பேட்டன்ட் கெடச்சா ரிசேர்ச்சுக்கு இன்னும் செலவழிப்பன். கெடைக்காட்டி ரூமை மூடுவன். நான் செலவழிச்சுக் கண்டுபுடிச்சத அடுத்தவன் சும்மா செஞ்சா, எனக்கு என்னத்துக்கு இந்தச் செலவு?"

நியாயமான கதை. அறிவு என்பது எடுத்துப் போனாலும் குறையாத சரக்கு. குறையாத சரக்குக்கு யார் முதல் போடுவார்?

வாங்க: சவர்க்காரம், டோர்ச் பற்றரி. தேயிலை கொஞ்சம். ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டும்.

நவம்பர் 5, புதன். போயா லீவு

பத்து மணிக்கு மழை. பக்கத்து வீட்டு ஜெஸீமா இல்லை, முற்றத்தில் மீன். ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் படங்கை இழுத்து மூடினேன். இங்கே அதுதான் வழக்கம். மழை வந்தால் கிட்ட நிற்பவர் மூட வேண்டும். யாருடைய மீன் என்று பார்ப்பதில்லை, பிறகு நன்றி சொல்வதும் இல்லை.

மூடும்போதுதான் சுவரோரம் கண்டேன். கதவு கழன்ற பழைய பிரிட்ஜ். உள்ளே கரி, தட்டுகள். என் பெட்டியைப் பார்த்து அவள் செய்தது.

போன மாரிக்கு முந்திய மாரி, இரண்டு வருடம் ஆகிறது. ஒரு கிழமை விடாத மழை. ஜெஸீமாவின் நெத்தலி நாறத் தொடங்கியிருந்தது. என் முற்றத்துச் சோதனைப் பெட்டியில் போட்டுக் காயவைத்துக் கொடுத்தேன். படங்கு போடுவது மாதிரித்தான் நினைத்தேன். அவளும் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து பார்த்தார்கள். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். உம்மா மௌத்தான பிறகு என்னிடம் யாரும் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

நவம்பர் 6, வியாழன்

புழுக்கம். சட்டத்தரணி, இளம் பெண். விளக்கத்தை மெச்சினார். பிறகு கேட்டார்:

"ஒரு வருசத்துக்கு முந்தி கம்பனிக்கு வெளிய யாராவது இதப் பாத்தாங்களா? பாத்திருந்தா இது புதுசு இல்ல. பேட்டன்ட் கெடைக்காது."

முற்றத்தில் சில பெண்கள் பார்த்திருக்கலாம் என்றேன்.

ஹாஜியார் சிரித்தார். "பக்கத்து வீட்டுப் பொம்புளைகள் பாத்தது ஒரு பார்வையா?"

சட்டத்தரணி சிரிக்கவில்லை. "பாத்து விளங்கிச்சா அவங்களுக்கு? அதுதான் கேள்வி."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை என்று கையெழுத்து வைத்தால் அறை எனக்கு. வெளியே வரும்போது ஹாஜியார்: "கெடச்சதும் கரையில யாரெல்லாம் செய்றாங்கண்டு பாத்து, நிப்பாட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்பணும்."

நவம்பர் 7, வெள்ளி

அரை நாள். ஜும்ஆவுக்குப் பிறகு தெருவில் சனம். நான் முட்டை பொரித்தேன், சாப்பிடவில்லை. கட்டாரிலிருந்து தங்கச்சி: "சைன் வெச்சிட்டு வேலையப் பாருங்க தாத்தா. ஒங்களுக்கு அந்த ரூமை விட்டா வேற என்ன இரிக்கி?" அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுகிற வாயால் சொல்லக்கூடிய கதையா. உண்மைதான்.

மாலையில் வேலிக்கு மேலால் ஜெஸீமா. அவளும் என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"தாத்தா, ஒங்கட பெட்டி மீன்ல தண்ணி சொட்டுது. கசக்குது. சும்மா தந்த சாமான் இப்பிடித்தான் போல."

போனேன். ஈரம் குடித்த கரியை மேல் தட்டில் வைத்திருக்கிறாள். கீழே மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். கரி கனத்தால் வெயிலில் போட வேண்டும் என்று அவளே சொன்னாள், மற்ற இரண்டு வீட்டுப் பெட்டியிலும் அப்படித்தானாம். பிளேன்ரீ தந்தாள். விளங்கியிருக்கிறது அவளுக்கு.

நவம்பர் 8, சனி

ஹாஜியாரிடம் சொன்னேன். மூன்று வீடு. எல்லாரும் விளங்கித்தான் செய்கிறார்கள். கையெழுத்து வைக்க மாட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப என்ட செலவுல ஊருக்குப் படிச்சுக் குடுத்திரிக்கீங்க."

"ஓம் ஹாஜியார்."

திங்கள் முதல் எனக்குக் கருவாடு பொதி கட்டும் பெக்கிங் பகுதி. அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தேன். பெட்டியை வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அவர் பிழையானவர் அல்ல. இனி அவர் எதற்கும் முதல் போட மாட்டார். அதுவும் நான் செய்ததுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். த்ரீவீலில் பெட்டி வந்து சேர்ந்தது. கரியை முற்றத்தில் பரப்பிவிட்டுச் சந்திக் கடைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனேன். திரும்பும்போது பாதி வழியில் மழை. ஓடினேன். கரியில் ஊறிய கசப்பு மழையில் கழுவிப்போனால் எல்லாம் போச்சு.

முற்றத்தில் நீலப் படங்கு. நாலு மூலையிலும் கல். என்னுடைய படங்கு இல்லை.

வேலியில் யாரும் இல்லை. ஜெஸீமா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட நினைத்து, கூப்பிடவில்லை. பாண் நனைந்துவிட்டது.