செல்வியின் புது முகவரி

1991, கார்த்திகை 9

பதினோரு வருடமாக ரேஷன் கார்டு பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்று மம்சாபுரத்திலிருந்து ஒருவன் வந்தான். அவன் அடி தாங்காமல் பிரிந்துபோன மனைவி செல்வியின் புது முகவரியைக் கேட்டான். தர முடியாது என்றேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் பக்கத்து மேஜைக்காரர் பதிவேட்டைத் திறந்து காட்டிவிட்டார்.

"புருசன்தானே கேக்கான், இதுல என்ன ரகசியம்?" என்றார்.

அவன் தன் அண்ணன்மாரைக் கூட்டிக்கொண்டு போய் அவளை இழுத்துவரப் போகிறானாம். நானும் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

செல்வி அப்போதுதான் மில்லிலிருந்து வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அழவில்லை. துணிகளை மூட்டை கட்டினாள்.

"எங்கம்மா போற?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா. ஒங்க ஆபீஸை நம்பித்தான் அன்னைக்கு எழுதிக் குடுத்தேன்."

பஸ் ஸ்டாண்டு வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அவள் எந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள் என்று பார்க்காமல் திரும்பி நடந்தேன்.

இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. என் கார்டில் ஒரே பெயர்தான்.

இந்நேரம் எங்காவது இறங்கியிருப்பாள். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. ஆனாலும் ஒவ்வோர் ஊராக நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.