வெறுங்கையோடு மேலே வந்தவன்

நீர் நிற்க. கரை நிலைக்க. கரைக்குக் கீழே உறங்குவோர் விழிக்க.

மலைநாடும் வயல்நாடும் ஒருகுடைக்கீழ் ஆளும் மானவேல் செழுங்குன்றர் திருவடி பணிந்து, அவர் ஆணையால் இந்நாட்டின் முப்பத்தாறு ஏரிகளுக்கும் பொறுப்பேற்ற ஏரிவாரியத் தலைவன் உதியன் கீரன், கார்வாய்ப் பேரேரியின் கரைமேல் அமர்ந்து எழுதுவது. தாழ்வயல் கோட்டத்தின் தலைவரும், அந்தக் கரையின் அடியில் வாழும் ஒன்பது ஊர்களின் காவலருமான நெடுஞ்சேய் வேளார் காண்க. உமது ஊர்கள் வாழ்க. உமது இல்லத்தார் நலமாயிருக்க. இவ்வாழ்த்தை வழக்கம் கருதி எழுதவில்லை. இன்று அது தேவைப்படுகிறது.

சென்ற ஆவணியில் நீர் அரசவைக்கு ஓர் ஓலை விடுத்தீர். கார்வாயின் முக்குளிப்பு ஆசான் சாத்தன் பெருங்கொற்றன், தவறு செய்யும் இளைஞனை ஊரார் முன்னே நிறுத்திப் பெயர் சொல்லிக் கடிவதால் பெரும்பயன் விளைந்தது என்றும், ஆதலால் நாட்டிலுள்ள எல்லா ஆடுகளங்களிலும் எல்லா ஆசான்களும் அவ்வாறே செய்ய அரசாணை வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர். சான்றாக ஒரு வரியும் சேர்த்திருந்தீர். "அன்று முதல் ஒருவனும் வெறுங்கையோடு மேலே வந்ததில்லை" என்பது அந்த வரி. மன்னர் அதைப் படித்துவிட்டு, நேரில் சென்று பார்த்து ஆம் அல்லது இல்லை என்று விடை எழுதுமாறு என்னைப் பணித்தார். மூன்று நாளாக இங்கே இருக்கிறேன்.

இந்த ஓலை பிற கோட்டங்களுக்கும் படியெடுத்து அனுப்பப்படும். ஆதலால் நீர் அறிந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்வாயில் முக்குளிப்பு ஒரு விளையாட்டு. அதுவே காவலும் ஆகும். பதினாறு முதல் பத்தொன்பது அகவைக்குட்பட்ட எழுவர் ஒவ்வொரு முழுநிலா நாளிலும் ஆறு ஆள் ஆழம் மூழ்கி, மதகின் கற்கதவைத் தொட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி வரவேண்டும். அந்த மண்ணைக் கரைமேல் நட்ட மண்கல்லில் அப்புவார்கள். எழுவர் மண்ணும் அப்பப்பட்டால், மதகு நலம் என்று ஏரிவாரியத்துக்கு ஓலை வரும். ஆடிப்பெருக்கன்று அதே எழுவர் கிழக்கூர் அணியோடு போட்டியிடுவார்கள்.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கில் நடந்ததை நீர் மேடைமீதிருந்து கண்டீர். கீழ்ச்சேரி அல்லியன் என்பவன், எழுவரில் நெடுமூச்சுக்காரன், மண் இல்லாமல் மேலே வந்தான். அடியில் ஏதோ இழுக்கிறது, கையை வைக்க முடியவில்லை என்றான். ஆசான் அவனை மண்கல்லின்மேல் ஏற்றி நிறுத்தினார். "அடேய் கீழ்ச்சேரி அல்லியா! தவளைகூட உன்னைவிட ஆழம் போகுமடா! எல்லாரும் பாருங்கள், இவன்தான் கார்வாயின் முக்குளிப்பான்!" என்று மும்முறை கூவினார். கூட்டத்தில் எவனோ, "இழுக்குதாம்ல! எந்த மோகினி இழுத்தாளாம், கேட்டுச் சொல்லுங்கய்யா!" என்றான். திடலே சிரித்தது. தாமும் வயிறு நோகச் சிரித்ததாக உமது ஓலையிலேயே எழுதியிருக்கிறீர்.

அதன்பின் அல்லியன் களத்துக்கு வரவில்லை. அவன் இடத்துக்கு வேறொருவனை எடுத்தார்கள். கோழை ஒழிந்தான் என்று நீர் எழுதினீர். பதினைந்து முழுநிலாவுக்குப் பதினைந்து ஓலைகள் வந்தன. எல்லாவற்றிலும் மதகு நலம். அவற்றை வாங்கி அடுக்கியவன் நான். ஒன்றையும் ஐயுறவில்லை. இதை உம்மீது சுமத்துவதற்கு முன் என்மீது சுமத்திக்கொள்கிறேன்.

வந்த முதல் நாள் மண்கல்லைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து செக்கச் சிவந்திருந்தது. எழுத்தாணியால் சுரண்டினேன். ஒரு விரற்கடை கனத்துக்குச் சிவப்பு. அதற்குக் கீழே கருப்பு.

வேளாரே, கார்வாயின் அடி கரிய வண்டல். செம்மண் இருப்பது கரையின் உட்சரிவில் மட்டுமே. அங்கே இரண்டு ஆள் ஆழம் போனாலே கைக்கு எட்டும். ஈரத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். காய்ந்தால்தான் நிறம் பிரியும். பெருங்கொற்றன் கடற்கரையில், முத்துக்குளிக்கும் துறையில் வளர்ந்தவர். எங்கள் மண்ணை அறியாதவர். கரையின் உச்சியில் நின்றுகொண்டு கை நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். நிறைந்தே இருந்தது.

சிவப்பில் பதினைந்து படலம் எண்ணினேன். அது தொடங்கும் இடம் அல்லியன் கல்லின்மேல் நின்ற நாளுக்கு அடுத்த முழுநிலா. பதினைந்து திங்களாக ஒருவனும் மதகைத் தொடவில்லை.

எழுவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். ஐவர் மதகைத் தொட்டோம் என்று ஆணையிட்டுச் சொன்னார்கள். ஆறாமவன் என் கையிலிருந்த எழுத்தாணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தரையில் வைத்தேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே தருகிறேன்: "அய்யா, கருப்பு மண்ணுக்குப் போனா ஒருநாள் எட்டும், ஒருநாள் எட்டாது. எட்டாத அன்னிக்கு ஊரே பேரைச் சொல்லிச் சிரிக்கும். எங்க ஆத்தா சந்தைக்குப் போக முடியாது. செம்மண்ணு பக்கத்துலயே கிடக்கு. நாங்க என்ன பண்ண?" ஏழாமவன் அதையே சுருக்கமாகச் சொன்னான். பிறகு ஐவரும் திரும்பி வந்தார்கள்.

இவர்களைக் கோழைகள் என்று எண்ணவேண்டாம். கூர்மையானவர்கள். நாம் எதைக் கற்பித்தோமோ அதைப் பழுதறக் கற்றார்கள். மூழ்கக் கற்பித்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். நிறைந்த கையோடு மேலே வருவது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அல்லியனைத் தேடினேன். ஏரியை விட்டு அவன் எங்கும் போகவில்லை. களத்தில் முகம் காட்ட மாட்டாமல் இரவுக்காவலுக்குச் சேர்ந்து, ஊர் உறங்கும் நேரத்தில் இதே கரைமேல் நடந்துகொண்டிருந்திருக்கிறான். இப்போது அகவை பத்தொன்பது. பேச்சு குறைந்துவிட்டது. நான் கேட்குமுன்பே என்னைக் கரையின் வெளிப்புற அடிவாரத்துக்கு அழைத்துச் சென்று ஓரிடத்தைக் காட்டினான். மழை பெய்யாத நாளிலும் அங்கே ஈரம். ஒரு மாதமாக நீர் கசிகிறதாம். நான்கு நாளாகக் கலங்கிக் கசிகிறதாம். தெளிந்த கசிவைக் கரை பொறுக்கும். கலங்கிய கசிவு கரையைத் தின்றுகொண்டு வருகிறது என்று பொருள். இதை ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருதரம் சொன்னேனேய்யா" என்றான்.

நேற்று முற்பகலில் அவனை மூழ்கச் சொன்னேன். திடலில் ஒருவரும் நிற்கக்கூடாது என்று விலக்கினேன். கயிற்றைப் பெருங்கொற்றனே பிடிக்கவேண்டும், வாய் திறக்கக்கூடாது என்றேன். முதல் முறை அல்லியன் வெறுங்கையோடு வந்து, எட்டவில்லை என்றான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் எட்டவில்லை என்றான். அவன் ஆசானின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். ஆசான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை கயிறு வெடுக்கென்று இழுபட்டது. நால்வர் சேர்ந்து தூக்கினோம். வலக்கையின் தோல் முழங்கை முதல் மணிக்கட்டு வரை உரிந்திருந்தது. இடக்கையில் கரிய மண் இருந்தது.

மதகின் அடிப்படிக்கல் இறங்கிவிட்டது. கல் இருந்த இடத்தில் துளை. சென்ற ஆண்டு அவன் கைமுட்டி நுழையும் அளவு இருந்ததாம். நேற்று அவன் தோள்வரை உள்ளே இழுத்தது. அன்று அவனை இழுத்தது மோகினியன்று, வேளாரே. உமது ஒன்பது ஊர்களை நோக்கிப் புறப்பட்ட நீர்.

இனி உமது கேள்விக்கு வருகிறேன். பெருங்கொற்றனைக் கொடியவர் என்று எழுதினால் எனக்கு வேலை எளிதாகும், அது பொய். அவருடைய தம்பி கடலில் இறந்தவன். அவனுக்கு மூச்சுப் போதவில்லை என்பது அவன் ஆசானுக்குத் தெரிந்திருந்தும், மனம் நோகுமே என்று சொல்லாமல் விட்டாராம். "நீருக்கு இரக்கம் கிடையாது, நானும் இரங்கினால் இவர்களை யார் பிழைக்க வைப்பது" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தவற்றைச் சொல்லாத ஆசான் ஆசானே அல்லர். இவ்வாண்டு ஆடிப்பெருக்கில் கிழக்கூரை வென்றதும் உண்மை. கண்முன் நடக்கும் ஆட்டத்தில், பெயர் சொல்லித் திட்டினால் கால் சில நாள் விரைந்து ஓடும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கரையில் நிற்பவனுக்கு அடி தெரியாது. அடியைக் கண்டவன் மூழ்கியவன் ஒருவனே. அவன் மேலே வந்து முடியவில்லை என்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகவே அவனைக் கீழே அனுப்புகிறோம். அச்சொல்லுக்குத் திடல் நடுவே தண்டனை வைத்தால் அடுத்தவன் அதைச் சொல்லமாட்டான். தவறு நிற்காது, தவற்றின் செய்தி மட்டும் நின்றுபோகும். இது கார்வாய்க்கு மட்டும் உரியதன்று. தேரோட்டும் களத்தில் அச்சு முறிவதை முதலில் உணர்பவன் ஓட்டுபவன். மற்போரில் தோள் விலகியதை அறிபவன் மல்லன். அவர்களும் வாயை மூடக் கற்றுக்கொண்டிருப்பார்கள். எந்தக் களத்தில் எது சிவந்து கிடக்கிறதோ, நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே விடை: இல்லை. ஆசான் கடியலாம், கடியவேண்டும். அது ஆசானுக்கும் இளைஞனுக்கும் இடையே, பிறர் செவி எட்டாத இடத்தில் நடக்கட்டும். ஒருவன் மற்றவன் தலையை நீருக்குள் அழுத்தினால், அக்கணமே எல்லார் முன்னும் பெயர் கூவித் தடுக்கலாம். அது உயிர் காக்கும் கூச்சல். வேறெதற்கும் பெயர் கூவப்படலாகாது.

இந்த விடையால் கரை நிற்கப்போவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மலைமேல் மூன்று நாளாக மழை. ஆற்று வெள்ளம் முழு மரங்களை வேரோடு உருட்டி வருகிறது. காலையில் கரையை ஒட்டிய புன்னைகளில் கொக்குகள் ஒன்றும் இல்லை. மூங்கில் தட்டியும் வைக்கோற்புரியும் மண்ணும் கொண்டு துளையை அடைக்க நூற்றிருபது பேர் நேற்று முதல் பாடுபடுகிறார்கள். கசிவு குறையவில்லை. நாளை வரை தாங்கும் என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் மண் சுமந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆதலின் மன்னர் பெயரால் ஆணை. இவ்வோலை கண்ட நாழிகையே ஒன்பது ஊர்களிலும் முரசு அறைக. முதியோரையும் பிள்ளைகளையும் முதலில் எருமைக்குன்றில் ஏற்றுக. மாடுகளை அவிழ்த்து விடுக. நெல்லைத் தூக்க ஒருவரும் நிற்கலாகாது. மிகுநீர் வழியும் கலிங்கை இங்கே முழுதும் திறந்துவிட்டேன். உமது கீழ்வயல்கள் மாலைக்குள் மூழ்கும், அதை எதிர்த்து ஆள் அனுப்ப வேண்டாம். எழுவரில் எவனையும் எவரும் தண்டிக்கலாகாது. அவர்கள் பெயர்கள் இந்த ஓலையில் இல்லை, எந்த ஓலையிலும் ஏறா. அல்லியன் பெயரை எழுதியிருக்கிறேன். அன்று திடலில் கூவப்பட்ட பெயர் இன்று முரசோடு சேர்த்துச் சொல்லப்படட்டும்: அவன் கண்டதும் உண்மை, சொன்னதும் உண்மை என்று. பெருங்கொற்றனையும் ஊரார் முன்னே எவரும் ஏசலாகாது. சொல்லவேண்டியதை நான் தனியே சொல்லிவிட்டேன். அவர் கழுத்தளவு நீரில் நின்று தட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். நானும் கரையைவிட்டு இறங்கப்போவதில்லை.

ஐப்பசித் திங்கள் பதினேழாம் நாள், கதிர் உச்சிக்கு வருமுன் கார்வாய்க் கரையில் எழுதப்பட்டது. முத்திரைக்கு அரக்கு இருந்தது, வேண்டாம் என்றேன். அல்லியன் இடக்கையில் கொணர்ந்த மண்ணில் ஏரிவாரியத்தின் இலச்சினையை அழுத்தியிருக்கிறேன். இனி மதகு நலம் என்று ஓர் ஓலை வந்தால், அது என் பெயரிலேயே வந்தாலும், அதன் மண்ணை வெயிலில் காயவைத்து நிறம் பார்த்து நம்புக.

இந்த முத்திரை உமது கைக்கு ஈரமாகவே வந்து சேரும். இது காயும்வரை காத்திருக்க வேண்டாம்.