பாதி வேகம்

பொற்கொடி,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. ராகிக் களி மூடி வைத்திருக்கிறேன். கீரைக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்.

உன் லேப்டாப்புக்கு ஒரு வியாதியும் இல்லையம்மா. அதன் விசிறி போடும் இரைச்சலில் சாயந்தரம் ரேடியோ கேட்க முடியவில்லை என்று, பத்து நாளைக்கு முன் மாடி வீட்டு கௌதமைக் கூப்பிட்டு, நீ குளிக்கப் போன நேரத்தில் பிராசசர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். சூடும் தணிந்தது, சத்தமும் அடங்கியது.

"சத்தம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டாய். "உள்ள குடியிருந்த பல்லி சொல்லாமக் கொள்ளாம ஆனேக்கல்லுக்குக் குடிபோயிருச்சு" என்றேன். நீ சிரித்தாய். அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கம்பெனி டிராயிங் திறக்கவே அரை மணி ஆகிறதென்று நீ புலம்பியபோதும் வாயைத் திறக்கவில்லை. நீ முடிக்கத் தாமதமானதால் அந்த வார்ப்பு அச்சு வரையும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நேற்றுச் சாப்பிடாமல் படுத்தாயே, எனக்கும் சோறு இறங்கவில்லை.

காலையில் கௌதமை விட்டே முழு வேகத்துக்கு மாற்றியாயிற்று. நன்றாக இரையட்டும்.

பாகலூர் ரோட்டில் உன் மேனேஜர் வீட்டுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருப்பார். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அப்பா

பி.கு.: நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கௌதமையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.